ஒரு பிள்ளைக்கு இரண்டு பேருக்கு மேல் பெற்றோர் இருக்கலாமா? சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று பேர், சில வீடுகளில் நான்கு பேர், சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கிறார்கள். பெரும்பாலான நாடுகளின் சட்டம் அவர்களில் இரண்டு பேரைத்தான் பெற்றோர் என்று ஒத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பவரின் நிலை என்ன, அவரைச் சேர்த்துக்கொண்ட நாடுகள் எப்படிச் சேர்த்தன, அதில் வரும் சிக்கல்கள் என்னென்ன என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

எப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது பெற்றோர் பிரிகிறார்கள், அம்மா மறுமணம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு பள்ளிக்குக் கூட்டிப்போவதும் காய்ச்சல் வந்தால் கண்விழிப்பதும் அந்த இரண்டாவது கணவர். பெற்ற அப்பாவும் விலகிப் போகவில்லை, வாரம் தவறாமல் வருகிறார். பிள்ளைக்கு இரண்டு பேருமே அப்பாதான். எண்ணிக்கையில் அதிகம் இருப்பது இந்த மாதிரிக் குடும்பங்கள்தான்.

இரண்டு பெண்கள் இணையராக வாழ்கிறார்கள். தெரிந்த நண்பர் ஒருவர் விந்தணு கொடுக்கிறார், குழந்தையின் வாழ்க்கையில் அப்பாவாகவும் இருக்கிறார். அல்லது இரண்டு ஆண்களும் ஒரு தோழியும் சேர்ந்து குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். மூன்று பேர் ஒரே உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்து பிள்ளை வளர்ப்பதும் உண்டு. அம்மா அப்பா உயிரோடு இருந்தும் பாட்டியே எல்லாமாக இருக்கும் வீடுகளும் இந்தக் கணக்கில் வரும்.

இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் மீதியெல்லாம் எளிதாகப் புரியும். குழந்தை உருவாகும் முன்பே "நாங்கள் மூவரும் பெற்றோர்" என்று பேசி முடிவு செய்தவர்கள் ஒரு வகை. அப்படி எந்தத் திட்டமும் இல்லாமல், வளர்த்து வளர்த்தே பெற்றோர் ஆனவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு ஒப்பந்தம் எழுதிவிடலாம். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் நீதிமன்றம்தான் வழி.

பாசம் இருந்தால் போதாதா? சட்டம் எதற்கு நடுவில்?

எல்லாரும் நன்றாக இருக்கும்வரை போதும். யாராவது ஒருவர் இறந்தால், பிரிந்தால், நோயில் விழுந்தால், சிறைக்குப் போனால் அப்போதுதான் தெரியும். சட்டப்படி பெற்றோர் இல்லாதவர் மருத்துவமனையில் கையெழுத்துப் போட முடியாமல் போகலாம். பிள்ளையோடு எல்லை தாண்டும்போது தடுக்கப்படலாம். அவர் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைக்கு அவர் சொத்தில் பங்கு கிடைக்காது. எனக்கு மிகக் கொடுமையாகத் தெரிவது வேறொன்று. பெற்ற தாய் இறந்துபோனால், பத்து வருடம் வளர்த்தவர் கையிலிருந்து பிள்ளையை அதிகம் பழகாத உறவினர் ஒருவர் கூட்டிப்போய்விடலாம், சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

2011இல் கலிபோர்னியாவில் மேல்முறையீட்டுக்கு வந்த ஒரு வழக்கு இதற்குச் சரியான உதாரணம். ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு அம்மாக்கள், ஒருவரையொருவர் மணந்தவர்கள், பிறகு பிரிந்தவர்கள். பெற்ற அப்பா வேறு மாநிலத்தில். ஒரு கத்திக்குத்துச் சம்பவத்துக்குப் பிறகு ஓர் அம்மா மருத்துவமனையில், இன்னொருவர் காவலில். குழந்தையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்பாவையும் சேர்த்து மூன்று பேரையும் பெற்றோராக ஏற்கலாமா என்ற கேள்வி வந்தபோது, சட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்ய மாநில செனட்டர் மார்க் லெனோ மசோதா கொண்டுவந்தார். 2012இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட மறுத்தார். 2013இல் திரும்பக் கொண்டுவந்தபோது போட்டார். 2014 ஜனவரி 1 முதல் அது சட்டம்.

அதே மாநிலத்திலிருந்து 1989இல் ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரே சமயத்தில் இரண்டு தந்தைகள் என்பதற்குக் கலிபோர்னியச் சட்டத்திலும் இடமில்லை, இயற்கையிலும் இடமில்லை என்று நீதிபதி ஸ்கலியா எழுதினார். இருபத்தைந்து வருடத்துக்குள் சட்டம் இடம் கொடுத்துவிட்டது.

அப்படியானால் கலிபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் மூன்றாவது பெற்றோர் ஆகிவிடலாமா?

முடியாது. முதலில் அவருக்குப் பெற்றோர் என்று கோர ஏற்கெனவே ஒரு சட்ட அடிப்படை இருக்க வேண்டும். அதற்கு மேல், இரண்டு பேரை மட்டும் ஏற்றால் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று நீதிமன்றம் காண வேண்டும். நெடுநாள் உடலுக்கும் மனதுக்கும் வேண்டியதைக் கொடுத்து வளர்த்தவரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதும் தீங்குதான் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. மற்ற இரண்டு பேரும் மோசமான பெற்றோர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இது. ஒருவரைச் சேர்க்க இன்னொருவரைக் கெட்டவராகக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

எல்லா மனுவும் ஜெயிப்பதில்லை. 2016இல் ஒரு வழக்கில், பெற்ற அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உறவே வளர்ந்திருக்கவில்லை என்பதால் மூவர் தீர்ப்பை மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2018இல் நிலைமை வேறு. மணமான ஒரு பெண்ணுக்குச் சக ஊழியர் மூலம் குழந்தை பிறந்தது. கணவரும் தந்தையாக வளர்த்தார், பெற்றவரும் முதல் மூன்று வருடம் குழந்தையோடு நெருங்கி இருந்தார், அப்புறம் அவரை விலக்கிவைத்தார்கள். நீதிமன்றம் மூன்று பேரையும் ஏற்றது. ரத்தத்தையும் ஒப்பந்தத்தையும் விட, பிள்ளையோடு ஏற்கெனவே இருக்கும் உறவு எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் இரண்டு தீர்ப்புகளும் முதலில் பார்த்தன.

கனடாவில் எப்படி?

இந்த விஷயத்தில் மற்றவர்களை விட நிறைய யோசித்திருக்கும் நாடு கனடா என்று சொல்லலாம். மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு.

ஒண்டாரியோவில் தொடங்கியது ஓர் ஐந்து வயதுப் பையனின் வழக்கு. இரண்டு பெண்கள் இணையர், ஒருவர் பெற்றவர். ஆண் நண்பர் ஒருவர் அப்பா. இன்னொரு அம்மா அவனைத் தத்து எடுத்திருக்கலாமே என்று தோன்றும். எடுத்திருந்தால் அப்பாவின் சட்ட நிலை போய்விட்டிருக்கும். அவர் மகனின் வாழ்க்கையில் இருக்க வேண்டும் என்று மூன்று பேருமே நினைத்தார்கள். அதனால் மூவரையும் பெற்றோராக ஏற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் மறுத்தது. 2007 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிள்ளைகளைக் காக்கத் தனக்குள்ள உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு மூவரையும் பெற்றோர் என்று அறிவித்தது. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் இப்படிக் குடும்பங்கள் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை, அந்த ஓட்டையைப் பிள்ளைக்காக அடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். 2017 முதல் ஒண்டாரியோவில் கருத்தரிக்கும் முன்பே எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இருந்தால் நான்கு பேர்வரை நீதிமன்றம் போகாமலேயே பெற்றோர் ஆகலாம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடும்பச் சட்டம் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவ உதவியோடு கருத்தரித்தால், முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தத்தின் பேரில் மூன்று பேருக்கு இடம் உண்டு. ஆனால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சேர்ந்து வாழும் வீட்டில் இயல்பாகக் கருத்தரித்துக் குழந்தை பிறந்தால்? சட்டத்தில் பதில் இல்லை. 2021இல் அந்த மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் பெறாத அம்மாவையும் சேர்த்து மூவரையும் ஏற்றது. நியூஃபவுண்ட்லாந்தில் 2018இலேயே இதே போல ஒரு தீர்ப்பு வந்திருந்தது, அங்கே ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும்.

கியூபெக் மாகாணம் இரண்டு பேர்தான் என்பதில் உறுதியாக நின்றது. 2025 ஏப்ரலில் அங்குள்ள நீதிமன்றம் அந்த வரம்பு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

இது பணக்கார மேற்கத்திய நாடுகளின் கவலை மட்டும்தானா?

இல்லை. பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் 2016 செப்டம்பர் தீர்ப்பைப் பாருங்கள். ஒரு பெண்ணை அவள் அம்மாவின் கணவர் தன் மகளாகவே பதிவு செய்து வளர்த்தார். பிற்பாடு அவளுக்குப் பெற்ற தந்தை யார் என்று தெரிந்தது. "வளர்த்தவர்தான் தந்தை ஆகிவிட்டாரே, எனக்கு என்ன பொறுப்பு" என்பது பெற்றவரின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பாசத்தால் வந்த தந்தைமை இருப்பது, ரத்தத்தால் வந்த தந்தைமையை அதன் எல்லாக் கடமைகளோடும் கூடவே ஏற்பதற்குத் தடை இல்லை என்றது. இரண்டு பேருக்கு மேல் என்றவுடன் யாரோ உரிமை கேட்டு வருகிறார்கள் என்றுதான் நினைக்கிறோம். கடமையிலிருந்து நழுவப் பார்த்தவரை இழுத்துப் பிடிக்கவும் இது உதவியிருக்கிறது.

கியூபாவில் 2022 செப்டம்பர் 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் புதிய குடும்பச் சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைத்தன. அதில் பல பெற்றோர் ஏற்பாடும் இருக்கிறது. அர்ஜென்டினாவின் கதை எதிர்த்திசையில் போனது. 2015 ஏப்ரலில் புவனோஸ் ஐரிஸ் மாகாணத்தில் ஒரு குழந்தையின் சான்றிதழில் மூன்று பெற்றோர் பெயர் ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த புதிய சிவில் சட்டம் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்றது. சில நீதிபதிகள் தங்கள் முன் வந்த குடும்பங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

இரண்டு பேரோடு நிறுத்திய நாடுகள் எவை?

நிறைய. பிரிட்டனில் சட்டப்படியான பெற்றோர் இரண்டு பேர்தான். ஆனால் பெற்றோருக்குரிய பொறுப்பை இரண்டு பேருக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் இரண்டாவது கணவர் ஒப்பந்தத்தின் மூலமோ நீதிமன்ற உத்தரவாலோ அதைப் பெறலாம். சிகிச்சை, பள்ளி போன்ற முடிவுகளில் அவர் பங்கெடுக்க அது போதும். வாரிசுரிமை அதில் வராது.

நெதர்லாந்தில் அரசு நியமித்த ஆணையம் 2016 டிசம்பரில், இரண்டு வீடுகளில் வாழும் நான்கு பேர்வரை சட்டப்படி பெற்றோராக ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. பிரான்சில் வேறு மாதிரி ஒரு கதவு இருக்கிறது. அங்குள்ள இரண்டு வகைத் தத்தில் ஒன்று பெற்ற குடும்பத்தோடு உள்ள உறவை வெட்டாது, இரண்டு பக்கமும் வாரிசுரிமை உண்டு.

இந்தியாவில் பிள்ளைக்கு மூன்றாவது பெற்றோர் என்ற நிலை சட்டத்தில் இல்லை. தத்து கொடுத்தால் பெற்ற குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு முடிந்துவிடும். ஆனாலும் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று கவனிக்கத் தக்கது. கணவரின் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்காக முன்பே விடுப்பு எடுத்திருந்தார் என்ற காரணத்தால் ஒரு செவிலியருக்குத் தன் சொந்தக் குழந்தைக்கான மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. அந்த மறுப்பைத் தள்ளிய நீதிமன்றம், அம்மா அப்பா பிள்ளைகள் என்று மாறாத ஒரே வடிவமாகக் குடும்பத்தைப் பார்ப்பது சரியல்ல, வழக்கமான வடிவில் இல்லாத குடும்பங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்றது. மூன்று பெற்றோருக்கு அது வழி திறக்கவில்லை. யோசனை எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் காட்டுகிறது.

ஒரே பாலின இணையருக்கும் மூவர் உறவில் வாழ்பவருக்கும் மட்டும்தானே இது தேவை?

செய்திகளில் வருவது அவர்கள் கதை என்பதால் அப்படித் தோன்றுகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா வழக்குகளை எடுத்து ஆராய்ந்த சட்டப் பேராசிரியர்கள், பெற்றோருக்குச் சமமான நிலையைக் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் உறவினர்கள், அதிலும் பாட்டி தாத்தாக்கள் என்று எழுதியிருக்கிறார்கள். போதைப் பழக்கம், வறுமை போன்ற நெருக்கடிகளில் பெற்றோர் தடுமாறிய வீடுகள் அவை. பிள்ளையை எடுத்து வளர்த்தவருக்கு உரிமை வேண்டும். அதற்காக நோயோடு போராடும் அம்மாவை "நீ இனி அம்மா இல்லை" என்று அறுத்துவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் இடம் வேண்டுமென்றால் இரண்டு என்ற வரம்பு தளர வேண்டும்.

கார்டியனாக இருப்பதும் பெற்றோராக இருப்பதும் ஒன்றா?

இல்லை. கார்டியன் என்பது பெரும்பாலும் ஒரு காலத்துக்கு உட்பட்ட பொறுப்பு. நீதிமன்றம் கொடுத்ததை நீதிமன்றமே திரும்ப எடுக்கலாம், பிள்ளை வயதுக்கு வந்ததும் முடிந்துவிடும். பெற்றோர் நிலை வாழ்நாள் முழுக்கத் தொடரும், வாரிசுரிமை, பல நாடுகளில் குடியுரிமை எல்லாம் அதிலிருந்து வருகிறது.

விந்தணு கொடுத்தவர் தானாகப் பெற்றோர் ஆகிவிடுவாரா? 'மூன்று பெற்றோர் குழந்தை' என்று செய்தி வந்ததே, அது என்ன?

விந்தணு வங்கி மூலம் கொடுத்தவருக்குப் பொதுவாக உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. தெரிந்தவர் கொடுத்தால் இடத்துக்கு இடம் மாறும். அவர் வெறும் உதவி செய்தவரா, அப்பாவாக இருக்கப்போகிறவரா என்பதைக் கருத்தரிக்கும் முன்பே எழுதிவைப்பது எல்லாருக்கும் நல்லது. பின்னால் வரும் வழக்குகளில் பாதி வலி இதை எழுதாமல் விட்டதால் வருவது.

அந்தச் செய்தி வேறு சங்கதி. தாயிடமிருந்து பரம்பரையாக வரும் சில கடும் நோய்களைத் தடுக்க, வேறொரு பெண்ணின் கருமுட்டையில் உள்ள ஆரோக்கியமான மைட்டோகாண்டிரியாவை (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணிய உறுப்புகளை) பயன்படுத்தும் சிகிச்சை அது. பிரிட்டன் 2015இல் இதற்கு விதிகள் வகுத்தது. முட்டை கொடுத்த பெண் சட்டப்படி பெற்றோர் இல்லை என்று அங்கே தெளிவாக இருக்கிறது.

பெற்றோர் மூன்று பேர் என்றால் சண்டையும் மூன்று மடங்கு ஆகாதா?

நியாயமான பயம். இரண்டு பேர் பிரியும்போதே பிள்ளையின் வாரநாள், விடுமுறை எல்லாம் துண்டு துண்டாகிறது. மூன்று வீடு என்றால் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு படுக்கைகூட நிலையாக இருக்காதோ என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெற்றோர் என்று ஏற்பது வேறு, பிள்ளை யாரிடம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது வேறு. சரிசமமாக மூன்றாகப் பங்கிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2017இல் நியூயார்க்கில் ஒரு நீதிபதி, முன்பு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து பிரிந்த மூவருக்கும் ஒரு சிறுவனின் பொறுப்பைக் கொடுத்தார். பெறாத அம்மாவுக்குக் கிடைத்தது குறிப்பிட்ட நாட்களும் விடுமுறையில் சில வாரங்களும்தான். அந்தச் சிறுவனுக்கு இருவருமே அம்மா, அவர்களில் ஒருவரை இழப்பது அவனை உடைத்துவிடும் என்பதே தீர்ப்பின் மையம். இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அங்கீகாரம் மறுத்தாலும் அந்த மூன்றாவது ஆள் பிள்ளையின் மனதிலிருந்து போய்விடுவதில்லை. சண்டையும் நிற்காது, பேச்சு நடத்த ஒரு ஒழுங்கான இடம் மட்டும் இல்லாமல் போகும்.

செலவை யார் கொடுப்பது?

பெற்றோர் என்றால் எல்லாரும். வருமானத்தையும் பிள்ளையோடு இருக்கும் நாட்களையும் பார்த்து நீதிமன்றம் பிரிக்கும். 2007இல் பென்சில்வேனியாவில், பிரிந்த இரண்டு அம்மாக்களோடு விந்தணு கொடுத்த நண்பரும் பராமரிப்புத் தொகையில் பங்கு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவர் பிள்ளைகளோடு அப்பாவாகப் பழகி வந்தவர். உரிமை கேட்பவர்கள் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வரம்பு எங்கே? ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருக்குமா?

நடைமுறையில் போகவில்லை. ஒண்டாரியோ ஒப்பந்தத்துக்கு நான்கு, பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று. கலிபோர்னியச் சட்டத்தில் எண் இல்லை, ஆனால் தீங்கு என்ற சோதனையே வடிகட்டிவிடுகிறது. ஒரு பிள்ளையை உண்மையாகவே பெற்றோராக இருந்து வளர்ப்பது கடினமான வேலை, அதற்கு வரிசையில் நிற்பவர்கள் மிகக் குறைவு.

மூன்று பேர் திருமணம் செய்துகொள்வதற்கு இது வழி திறக்குமா?

அது தனி விஷயம். இங்கே பார்ப்பது பிள்ளைக்கும் பெரியவருக்கும் உள்ள உறவை. பெரியவர்களுக்குள் என்ன உறவு என்பதைப் பெரும்பாலான இந்தச் சட்டங்கள் கேட்பதே இல்லை. விவாகரத்தாகி ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேரும் ஒரு பாட்டியும்கூட ஒரு பிள்ளையின் மூன்று பெற்றோராக இருக்கலாம்.

பிள்ளையைக் கேட்பார்களா?

பிரேசிலில், பாசத்தால் வந்த பெற்றோர் நிலையைப் பதிவு அலுவலகத்திலேயே பதிய வேண்டுமானால் பிள்ளைக்கு 12 வயது நிறைந்திருக்க வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மற்ற இடங்களில் நீதிபதியைப் பொறுத்தது. விவரம் தெரிந்த பிள்ளையைக் கேட்காமல் இதில் முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் "இவர்களில் யார் வேண்டும்" என்று கேட்டுவிடக் கூடாது. "உன்னோடு யார் யார் இருக்க வேண்டும்" என்று கேட்டால் பிள்ளை தயங்காமல் பதில் சொல்லும்.

சட்டம் இல்லாத நாட்டில் இருக்கிறோம். இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை உயில். சட்டப்படி பெற்றோராக இருப்பவர்கள், தங்களுக்குப் பிறகு பிள்ளையின் கார்டியன் யார் என்று அதில் மூன்றாவது ஆளின் பெயரை எழுதலாம். பல நாடுகளில் அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் பெற்றவரின் விருப்பம் என்ற எடை அதற்கு உண்டு. அந்த மூன்றாவது ஆளும் தன் உயிலில் பிள்ளையின் பெயரை வெளிப்படையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் வராது.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். பயணத்துக்குத் தனிக் கடிதம் வேண்டும். ஒரு நாட்டில் மூன்று பெயரோடு வாங்கிய சான்றிதழை இன்னொரு நாடு ஏற்காமல் போகலாம், படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கும். குடிபெயரும் முன் அந்த நாட்டு வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், யார் என்ன செய்வது என்று நீங்கள் பேசியதை எழுதிக் கையெழுத்திடுங்கள். நீதிமன்றத்தில் செல்லாத இடத்திலும், அன்று எல்லாருடைய எண்ணமும் என்னவாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. பள்ளிக் கூட்டத்துக்குப் போன பதிவு, மருத்துவச் சீட்டு, கட்டிய கட்டண ரசீது எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். வளர்த்தது யார் என்ற கேள்வி என்றைக்காவது வந்தால், பதில் சொல்லப் போவது இந்தக் காகிதங்கள்தான்.